யாராலும் வெல்ல முடியாத ஒன்றைத் தமிழில் எப்படிச் சொல்வது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மொழிபெயர்ப்பும் மெய்ப்புத் திருத்தமும்தான் எனக்குத் தொழில். தோற்கடிக்கவே முடியாத ஒன்றை வர்ணிக்க என்ன சொல் போடலாம் என்று மாதத்துக்கு நாலு பேராவது கேட்டுவிடுகிறார்கள். ஒருவருக்குக் கவிதைக்கு வேண்டும், ஒருவருக்குப் போஸ்டருக்கு, ஒருவருக்குக் கேம் வசனத்துக்கு, ஒருவருக்குப் பிறந்த குழந்தைக்குப் பெயராக. பதில்களை ஓரிடத்தில் எழுதி வைத்தால் எனக்கும் வேலை மிச்சம்.

இதற்குத் தமிழில் ஒரே சொல் இல்லையா?

எல்லா இடத்துக்கும் பொருந்துகிற ஒரே சொல் இல்லை. ஆங்கிலத்தைப் போல 'இன்வின்சிபிள்' என்று ஒன்றை வைத்துக்கொண்டு கோட்டைக்கும் அதையே, குத்துச்சண்டை வீரருக்கும் அதையே, மன உறுதிக்கும் அதையே ஒட்டுவது தமிழுக்குப் பழக்கமில்லை. தமிழ் முதலில் ஒரு வினையைக் கேட்கிறது. அதை என்ன செய்யப் பார்த்தார்கள்? பிடிக்கவா, உடைக்கவா, சாய்க்கவா, முந்தவா, அடக்கவா? அந்த வினை கிடைத்த பிறகுதான் அதன் பின்னால் 'முடியாத' வரும், அல்லது 'அரிய' வரும், அல்லது வினையே எதிர்மறையாகத் திரும்பும்.

'எனக்கு ஒரு நல்ல சொல் சொல்லுங்கள்' என்று கேட்பவரிடம் நான் திருப்பிக் கேட்பது இது ஒன்றைத்தான்: எதிரில் நிற்பவன் என்ன செய்து பார்த்துத் தோற்றான்?

'வெல்லாத' என்று சுருக்கமாகப் போட்டால் என்ன?

மாட்டிக்கொள்வீர்கள். நானே மாட்டியிருக்கிறேன். தொழிலுக்கு வந்த புதிதில் ஓர் அணியின் படத்துக்கு அடிக்குறிப்பு எழுதச் சொன்னார்கள். 'எவரும் வெல்லாத அணி' என்று எழுதினேன். வடிவமைப்பவர் இடம் போதவில்லை என்று 'எவரும்' என்பதை எடுத்துவிட்டார். 'வெல்லாத அணி' என்று அச்சாகி வந்தது. ஒரு ஆட்டத்தில்கூடத் தோற்காதவர்களை ஒரு ஆட்டத்தில்கூட ஜெயிக்காதவர்கள் ஆக்கிவிட்டோம். அணித்தலைவர் சிரித்துக்கொண்டேதான் போன் செய்தார், ஆனால் போன் செய்தார்.

காரணம் தமிழ்ப் பெயரெச்சத்தின் இயல்பு. 'படிக்காத பையன்' என்றால் படிக்காதது பையன். 'படிக்காத புத்தகம்' என்றால் படிக்கப்படாதது புத்தகம். இரண்டுக்கும் ஒரே வடிவம். பையன் படிப்பான், புத்தகம் படிக்காது என்பது நமக்குத் தெரிவதால் குழப்பம் வருவதில்லை. 'வெல்லாத கோட்டை' என்றாலும் சிக்கலில்லை, கோட்டை எழுந்து போய் யாரையும் வெல்லாது. ஆனால் அணி, வீரன், படை, கட்சி எல்லாம் தாமும் வெல்லும், பிறராலும் வெல்லப்படும். சிக்கல் அங்கேதான்.

கவனியுங்கள், 'வெல்ல முடியாத அணி' என்பதிலும் இதே ஓட்டை உண்டு. 'இந்தத் தொடரில் ஒரு ஆட்டத்தைக்கூட வெல்ல முடியாத அணி' என்று நாளிதழ்கள் எழுதுவது பாராட்டாக இல்லையே. ஓட்டையை அடைக்க இரண்டு வழி. ஒன்று, 'யாராலும்' அல்லது 'எவராலும்' என்பதை முன்னால் போட்டு, யார் சொன்னாலும் அதை எடுக்க விடாதீர்கள். மற்றது, வினையை மாற்றி 'தோற்கடிக்க முடியாத' என்று எழுதுவது. அதிலும் கொஞ்சம் இருபொருள் உண்டு, ஆனால் வாசகர் பெரும்பாலும் சரியான பக்கமே சாய்வார். 'வெல்லப்படாத' தெளிவாக இருக்கும். காதுக்குத்தான் அரசாணை போல ஒலிக்கும்.

'தோற்காத', 'தோல்வியறியாத', 'தோற்கடிக்க முடியாத' மூன்றும் ஒன்றுதானே?

இல்லை. முதல் இரண்டும் நடந்த கணக்கு. மூன்றாவது, நடக்கவே நடக்காது என்ற அடித்த பேச்சு.

ராக்கி மார்சியானோ என்ற அமெரிக்க ஹெவிவெயிட் குத்துச்சண்டை வீரர் தொழில்முறையில் 49 முறை மோதி 49 முறையும் வென்று, 1956-ல் ஓய்வு பெற்றார். அவரைத் 'தோல்வியறியாத வீரர்' என்று யாரும் எழுதலாம். ஏட்டில் இருப்பது அது. 'தோற்கடிக்க முடியாத வீரர்' என்று எழுதினால், ஐம்பதாவது போட்டியிலும் அவரே வென்றிருப்பார் என்று நீங்கள் சாட்சி சொல்கிறீர்கள். ரசிகர் சொல்லலாம். செய்தி எழுதுபவர் சொல்லக் கூடாது.

சரி, நூற்றுக்கு நூறு உண்மையாகவே 'தோற்கடிக்க முடியாத' என்று சொல்லத்தக்கது எதுவுமே இல்லையா? இருக்கிறது. செக்கர்ஸ் என்ற பலகை ஆட்டத்தைக் கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் ஜொனாதன் ஷேஃபர் தலைமையிலான குழு பல ஆண்டுகள் கணினியில் அலசி, 2007-ல் தீர்த்துவிட்டதாக அறிவித்தது. அவர்களுடைய சினூக் என்ற நிரலை எதிர்த்து ஆடுபவர் பிழையே செய்யாமல் ஆடினாலும் சமன்தான் செய்ய முடியும், வெல்ல முடியாது. இது புகழ்ச்சி இல்லை, நிரூபணம். இதில் இன்னொரு நுணுக்கமும் இருக்கிறது. சினூக்கைத் 'தோற்கடிக்க முடியாதது' எனலாம், 'எப்போதும் வெல்வது' எனக் கூடாது. இரண்டு பக்கமும் பிழையில்லாமல் ஆடினால் ஆட்டம் சமனில்தான் முடியும். தோற்காமல் இருப்பதும் வெல்வதும் வேறு வேறு என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். மூன்றுக்கு மூன்று கட்டத்தில் வட்டமும் பெருக்கல் குறியும் போட்டு விளையாடுவோமே, அதில் கணக்குத் தெரிந்த குழந்தையும் இதே ரகம்தான்: தோற்கடிக்க முடியாது, எல்லா ஆட்டத்தையும் ஜெயிக்கவும் செய்யாது.

எதற்கு எந்த வினை போடுவது?

பட்டியலாகக் கேட்காதீர்கள், பட்டியல் தந்தால் கண்ணை மூடிக்கொண்டு அதிலிருந்து எடுத்துப் போடுவார்கள். பழகின சேர்க்கைகளைச் சொல்கிறேன்.

கோட்டைக்கும் மதிலுக்கும் 'தகர்க்க முடியாத' இயல்பு. உள்ளே நுழைவதுதான் பிரச்சினை என்றால் 'ஊடுருவ முடியாத', கைப்பற்றுவது பிரச்சினை என்றால் 'பிடிக்க முடியாத'. ஒரே கோட்டையைப் பற்றி மூன்றையும் சொல்லலாம். ஆனால் மூன்றும் மூன்று வேறு முற்றுகைகள்.

வாதத்துக்கு 'மறுக்க முடியாத', சான்றுக்கு 'அசைக்க முடியாத'. 'அசைக்க முடியாத ஆதாரம்' என்று வழக்குச் செய்திகளில் தினமும் வருகிறது. நம்பிக்கைக்கும் அதே 'அசைக்க முடியாத'. விளையாட்டுச் சாதனைக்கு 'முறியடிக்க முடியாத'. சாதனையை வெல்வதில்லை, முறியடிக்கிறோம். சூழ்ச்சியையும் தாக்குதலையும் முறியடிப்பது போலத்தான். முறி என்பதில் ஒரு கொம்பு மளுக்கென்று ஒடிகிற ஓசை இருப்பதாக எனக்குத் தோன்றும்.

ஆளுக்கு 'வீழ்த்த முடியாத'. உயரத்தில் இருப்பவர்தான் விழ முடியும் என்பதால் இதில் எதிராளியின் மேல் ஒரு மரியாதை ஒட்டிக்கொள்ளும். விலங்குக்கும் கோபத்துக்கும் சிரிப்புக்கும் 'அடக்க முடியாத'. மருந்து கொடுத்தும் நிற்காத நோய்க்கு 'கட்டுப்படாத'. மருந்தெதிர்ப்புப் பெற்ற கிருமியை 'வெல்ல முடியாத கிருமி' என்று எழுதினால் சினிமா விளம்பரம் போல இருக்கும். 'மருந்துக்குக் கட்டுப்படாத கிருமி' என்றால் மருத்துவரும் ஒப்புக்கொள்வார், நோயாளிக்கும் புரியும்.

மன உறுதி மட்டும் கொஞ்சம் தகராறு பிடித்தது. 'வெல்ல முடியாத மன உறுதி' என்று மொழிபெயர்ப்புகளில் பார்க்கிறேன். மன உறுதியை யார் வெல்லப் போனார்கள்? 'குலையாத உறுதி', 'தளராத மனம்', 'கலங்காத நெஞ்சு' என்று தமிழில் கைக்கெட்டும் தூரத்தில் கிடக்கின்றன. மனம் குலையும், தளரும், கலங்கும், உடையும். அந்த வினைகளைத்தான் மறுக்க வேண்டும்.

'நிகரற்ற', 'ஈடு இணையற்ற' என்று போடலாமா?

அவை ஒப்புமை பற்றியவை. நிகரற்ற பாடகரை யாரும் தோற்கடிக்க முயலவில்லை. மோதல் இருந்தால் மட்டுமே 'வெல்' என்ற சொல்லுக்கு வேலை.

'வெல்லற்கரிய' என்பதில் 'அரிய' என்றால் கடினமா, முடியவே முடியாததா?

இன்றைய தமிழில் 'அரிய' என்றால் எளிதில் கிடைக்காதது. அரிய நூல், அரிய புகைப்படம். 'அருமை' இன்னும் நகர்ந்து, நன்றாக இருக்கிறது என்ற பாராட்டாகவே ஆகிவிட்டது. பழைய தமிழில் அரு என்பது கடினத்தில் தொடங்கி முடியாமை வரை நீளும். சொல்வல்லவனைப் பற்றிய 647-ஆம் குறள் 'இகல்வெல்லல் யார்க்கும் அரிது' என்று முடிகிறது. சொல்வன்மை உள்ளவன், சோர்வில்லாதவன், அஞ்சாதவன், இப்படிப்பட்டவனைப் பகைமையில் வெல்வது யாருக்கும் அரிது. இதைக் கொஞ்சம் சிரமம் என்று படித்தால் குறள் சப்பென்று போய்விடும். 'யார்க்கும்' வந்துவிட்டதால் கிட்டத்தட்ட முடியாது என்றே அர்த்தம்.

நீங்கள் எழுதும்போது 'வெல்லற்கரிய' என்று போட்டால் வாசகர் அதை 'வெல்ல முடியாத' என்றேதான் எடுத்துக்கொள்வார், உறைந்த தொடர் என்பதால். ஆனால் 'வெல்வதற்கு அரிய' என்று பிரித்தால் பொருள் இளகிவிடும், 'கஷ்டம்தான், ஆனாலும் பார்க்கலாம்' என்ற தொனி வந்துவிடும்.

எழுத்துப்பிழை பற்றி ஒரு வார்த்தை. வெல்லல் + கு என்பதில் ல் திரிந்து ற் ஆகி 'வெல்லற்கு', அதோடு 'அரிய' சேர்ந்து 'வெல்லற்கரிய'. இதை 'வெல்லர்க்கரிய' என்று அடித்து அனுப்புகிறார்கள். 'பெறற்கரிய' என்பதும் 'பெறர்க்கரிய' ஆகிறது. அதேபோல 'தோற்க்கடிக்க' என்பதும் தவறு. ற் வந்துவிட்டால் அதன் பின்னால் இன்னொரு ஒற்று வராது. தோற்கடிக்க, அவ்வளவுதான்.

பழந்தமிழில் என்ன சொன்னார்கள்?

எனக்குப் பிடித்த கேள்வி, அதனால் கொஞ்சம் நீளமாகப் போகும்.

சங்கப் பாடல்களில் 'ஆரெயில்' என்று ஒரு சொல் வரும். அருமை + எயில். எயில் என்றால் மதில், கோட்டை. பகைவருக்கு எட்டாத கோட்டை என்பதை இத்தனை சிறிய சொல்லில் அடக்கியிருக்கிறார்கள். இன்றைக்கு யாராவது கணினிப் பாதுகாப்பு மென்பொருளுக்கு இந்தப் பெயரை வைக்கலாம், இலவசமாகத் தருகிறேன்.

கோட்டையைப் பற்றித் திருக்குறளில் தனி அதிகாரமே இருக்கிறது, 'அரண்'. அதில் 747-ஆம் குறளைப் பாருங்கள்: 'முற்றியும் முற்றாது எறிந்தும் அறைப்படுத்தும் பற்றற்கு அரியது அரண்.' சூழ்ந்து முற்றுகையிட்டும், முற்றுகையிடாமல் நேராகப் பாய்ந்து தாக்கியும், உள்ளே இருப்பவரை வஞ்சகமாகத் தம் பக்கம் இழுத்தும் கைப்பற்ற முடியாததே அரண். நான் முதல் பதிலில் சொன்னேனே, எதிரி என்ன செய்து பார்த்தான் என்று கேளுங்கள் என்று. இங்கே மூன்று முயற்சிகளையும் வரிசையாகச் சொல்லிவிட்டுத்தான் 'பற்றற்கு அரியது' என்ற சொல் வருகிறது. அதனால்தான் அந்தச் சொல்லுக்கு இவ்வளவு பலம். வெறுமனே 'பற்றற்கரிய கோட்டை' என்று தொடங்கியிருந்தால் அது வெறும் அடைமொழி.

421-ஆம் குறளில் அறிவையே கோட்டை ஆக்கி, 'செறுவார்க்கும் உள்ளழிக்கல் ஆகா அரண்' என்கிறார். பகைவராலும் உள்ளே புகுந்து அழிக்க முடியாத கோட்டை. 'உள்ளழிக்கல் ஆகா' என்பதில் இருக்கும் 'ஆகா'வை இன்று நாம் இந்த இடத்தில் பயன்படுத்துவதே இல்லை, பாவம்.

அடுத்தது பறம்பு மலை. மூவேந்தரும் சேர்ந்து பாரியின் பறம்பை முற்றுகையிட்டபோது கபிலர் பாடியது புறநானூற்றின் 109-ஆம் பாட்டு. உழவர் உழாமலே விளைகிற மூங்கில் நெல், பலா, வள்ளிக்கிழங்கு, தேன் என்று நான்கும் அங்கே உண்டு என்று எண்ணிச் சொல்லிவிட்டு, உங்கள் முயற்சியால் கொள்ள மாட்டீர்கள், வாளுக்கும் அவன் தரமாட்டான் என்கிறார். அதோடு நிறுத்தியிருந்தால் சாதாரணப் புகழ்ச்சி. 'யான் அறிகுவன் அது கொள்ளும் ஆறே', அதைப் பெறும் வழி எனக்குத் தெரியும் என்று தொடர்கிறார். சிறிய யாழை மீட்டி, விறலியர் பின்னால் வர, ஆடிக்கொண்டும் பாடிக்கொண்டும் போனால் நாட்டையும் மலையையும் சேர்த்தே கொடுத்துவிடுவான். வெல்ல முடியாதவன் என்பதை இதைவிடக் கிண்டலாக மூன்று பேரரசர்களின் முகத்துக்கு நேரே சொல்ல முடியுமா என்று தெரியவில்லை. அந்தப் பாட்டில் 'வெல்ல முடியாத' என்ற பொருளில் ஒரு அடைமொழிகூடத் தேவைப்படவில்லை.

இன்னொரு சொல் 'தோலா'. தோல் என்பது தோற்றுப்போவதைக் குறிக்கும் பழைய வினை, அதன் எதிர்மறை தோலா. சூளாமணி காப்பியத்தை எழுதியவர் பெயர் தோலாமொழித்தேவர். தோல்வி காணாத சொல்லுக்கு உரியவர் என்று பொருள். இந்தத் 'தோலா'வை மீட்டெடுக்க வேண்டும் என்பது என் ஆசை. 'தோலாப் படை', 'தோலா அணி'. ஆனால் போஸ்டரில் போட்டால் தோல் வியாபாரம் என்று நினைப்பார்கள் என்ற நியாயமான பயமும் இருக்கிறது.

வடமொழி வழியாக வந்த சொற்கள்?

நிறைய இருக்கின்றன, பெயர்களில்தான் அதிகம். 'அஜித்' என்றால் வெல்லப்படாதவர். 'விஜய்' என்றால் வெற்றி. இதற்கு மேல் எழுதினால் ரசிகர் சண்டை ஆகிவிடும், நான் வரவில்லை. சமணரின் இரண்டாவது தீர்த்தங்கரர் பெயரும் அஜிதநாதர்தான்.

'அயோத்தி' என்ற ஊர்ப்பெயரைப் பிரித்தால் போரிட்டு வெல்ல இயலாதது என்று வரும். 'துர்க்கம்' என்றால் அணுகுவதற்குக் கடினமானது. மலைக்கோட்டைக்கு அதுவே பெயராயிற்று. துர்க்கையின் பெயரிலும் இருப்பது அதே பகுதிதான்.

'அஜாதசத்ரு' என்பதைச் சிலர் இந்தப் பட்டியலில் சேர்க்கிறார்கள். அதற்குப் பொருள், எதிரி இன்னும் பிறக்காதவன். மகதத்தை ஆண்ட ஒரு மன்னனின் பெயர். இப்போது எல்லோரோடும் சுமுகமாக இருப்பவரைத்தான் அப்படிப் புகழ்கிறோம். வெற்றி தோல்விக் கணக்கு அதில் இல்லை.

இவற்றுள் எனக்கு மறக்காதது 'அபராஜிதன்'. பொருள், தோற்கடிக்கப்படாதவன். பல்லவ அரசின் கடைசி மன்னர்களில் ஒருவருக்கு அதுதான் பெயர். திருப்புறம்பியத்தில் பாண்டியரை வென்றார். அந்தப் போரில் சோழர் அவர் பக்கம் நின்றார்கள். பிறகு 9-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அதே சோழர் குலத்து முதலாம் ஆதித்தன் அவரையே தோற்கடித்துத் தொண்டை மண்டலத்தை எடுத்துக்கொண்டார். திருவாலங்காட்டுச் செப்பேடு இதைச் சொல்கிறது. பெயர் வைக்கும்போது யாருக்கும் பின்கதை தெரிவதில்லை.

அசகாய சூரன், எமகாதகன், சிம்ம சொப்பனம் எல்லாம் இதே பொருள்தானே?

மூன்றும் பக்கத்து வீட்டுக்காரர்கள். அசகாய சூரன் என்றால் துணையில்லாமல் தனியாக நின்று சமாளிக்கும் வீரன். சகாயம் வேண்டாதவன். 'அசாகாய' என்று நீட்டி எழுதுவது பிழை. பாதிக்கு மேல் இதைக் கிண்டலாகத்தான் பயன்படுத்துகிறோம் என்பதையும் மறக்க வேண்டாம்.

எமகாதகன் என்றால் எமனையே கொல்பவன். கேட்க பிரமாதமாக இருக்கும், ஆனால் நடைமுறையில் 'அவன் சரியான எமகாதகன்' என்றால் மகா தந்திரக்காரன் என்று பொருள். பாராட்டு மடலில் போட்டுவிடாதீர்கள்.

சிம்ம சொப்பனம் என்பது யானையின் கனவில் வரும் சிங்கம். கனவில் பார்த்தாலே யானை நடுங்கிவிடும் என்பது நம்பிக்கை. ஆகவே ஒருவர் தன் எதிரிகளுக்குச் சிம்ம சொப்பனமாக இருப்பார். தோற்கடிக்க முடியாதவர் என்று அது சொல்வதில்லை, தூக்கத்தைக் கெடுப்பவர் என்றுதான் சொல்கிறது.

பேச்சில் எப்படிச் சொல்கிறோம்?

'அவரை அடிச்சுக்க ஆளில்லை.' 'எந்தக் கொம்பனாலும் முடியாது.' 'கிட்டகூட நெருங்க முடியாது.' 'உன் பாச்சா அவர்கிட்ட பலிக்காது.' 'உன் பருப்பு இங்கே வேகாது.'

இவற்றில் ஒன்றைக் கவனியுங்கள். பல தொடர்கள் ஜெயிப்பவரைப் பற்றிப் பேசுவதே இல்லை. வம்புக்கு வருகிறவனைப் பிடித்துக் கேலி செய்கின்றன. அவன் எவ்வளவு பெரிய கொம்பன், அவன் பாச்சா என்ன, அவன் பருப்பு என்ன. பேச்சுத்தமிழ் வெல்ல முடியாதவரை இப்படித்தான் உயர்த்துகிறது. கதை வசனம் எழுதுபவர்களுக்கு இதைத்தான் சொல்வேன். 'நான் வெல்ல முடியாதவன்!' என்று வில்லன் கத்தினால் டப்பிங் படம் போல இருக்கும். 'என்னை ஜெயிக்க இனிமே ஒருத்தன் பொறந்து வரணும்' என்றால் தமிழ்.

'அடிச்சுக்க ஆளில்லை' மட்டும் திறமைக்குத்தான். சண்டைக்காரரைவிடச் சமைப்பவருக்கும் பாடுபவருக்கும்தான் அது அதிகம் கிடைக்கிறது.

முடியாத, இயலாத, கூடாத, ஒண்ணாத: எதையும் மாற்றிப் போடலாமா?

'முடியாத' எங்கும் செல்லும். 'இயலாத' எழுத்து நடை, ஆனால் 'இயலாமை', 'இயலாதவர்' என்று பலவீனத்தின் வாசனை அதில் ஒட்டியிருக்கிறது. 'வெல்ல இயலாத வீரர்' என்று படித்ததும் எனக்கு அவர் மேல் இரக்கம்தான் வருகிறது. 'கூடாத' பழைய தமிழில் முடியாமையைக் குறித்தது, இப்போது தடை. 'வெல்லக் கூடாத கட்சி' என்றால் அது வேறு பிரச்சாரம். 'வெல்லவொண்ணாத' செய்யுள் நடை, 'சொல்லொணாத் துயரம்' இன்னும் உயிரோடு இருப்பதால் காதுக்கு அந்நியமாக இராது. ஒரு கட்டுரையில் ஒருமுறைக்கு மேல் வேண்டாம்.

ஒற்று மிகுமா?

'அழியாத புகழ்', மிகாது. 'அழியாப் புகழ்', மிகும். கடைசி 'த' விழுந்துவிட்டால் அடுத்து வரும் க, ச, த, ப இரட்டிக்கும். 'தோல்வியறியாத படை', 'தோல்வியறியாப் படை'.

ஒரு காலத்தில் வெல்ல முடியாதது என்று பேரெடுத்து, பிறகு வீழ்ந்ததை எப்படி எழுதுவது?

'வெல்ல முடியாத கோட்டை வீழ்ந்தது' என்பது தலைப்புக்கு நன்றாக இருக்கும். உள்ளே வந்ததும் 'எனக் கருதப்பட்ட', 'என்று பேரெடுத்த' என்று ஒரு தொடர் சேர்த்தே ஆக வேண்டும், இல்லையென்றால் வாக்கியம் தன்னையே மறுக்கும்.

கான்ஸ்டாண்டிநோபிளின் தரைப்பக்க மதில்கள் 5-ஆம் நூற்றாண்டில் கட்டப்பட்டவை. எத்தனையோ முற்றுகைகளைத் தாங்கின. 1204-ல் சிலுவைப் படையினர் நகரத்தைப் பிடித்தபோதுகூடக் கடல் பக்கமாகத்தான் ஏறினார்கள். 1453-ல் உதுமானியரின் பீரங்கிகள் தரைப்பக்க மதிலை உடைத்தன. ஆக, அந்த மதிலை 'ஆயிரம் ஆண்டுகள் தகர்க்க முடியாததாக இருந்தது' என்று கால அளவோடு எழுதினால் பொய்யும் இல்லை, பெருமையும் குறையவில்லை. கால அளவு சொல்வது, 'கருதப்பட்ட' என்பதைவிட நேர்மையான வழி.

1588-ல் இங்கிலாந்துக்கு எதிராக ஸ்பெயின் அனுப்பிய சுமார் 130 கப்பல்களின் கதை வேறு. 'வெல்ல முடியாத' என்ற அடைமொழி அந்தக் கடற்படையின் மேல் தோல்விக்குப் பிறகு கிண்டலாகத்தான் நிலைத்தது. அந்த இடத்தில் மேற்கோள் குறி போடுங்கள், குறியே சிரிப்பைச் சொல்லிவிடும்.

பெரியம்மையும் இதில் சேரும். தலைமுறை தலைமுறையாக ஒழிக்க முடியாததாக இருந்த நோய். 1980-ல் உலகச் சுகாதார நிறுவனம் அது ஒழிந்துவிட்டதாக அறிவித்தது. நோய்க்கு 'வீழ்ந்தது' வேண்டாம், 'ஒழிந்தது' போதும்.

கேமில் 'இன்வின்சிபிள்' என்று திரையில் வருகிறது. அதற்கு?

ஆட்டத்தில் அது வெற்றியைக் குறிப்பதில்லை. சில நொடிகளுக்கு உங்கள் பாத்திரத்தின் மேல் அடி விழாது, அவ்வளவுதான். 'வெல்ல முடியாத நிலை' என்று மொழிபெயர்த்தால், ஆடுகிறவர் இந்தக் கட்டத்தில் ஜெயிக்கவே முடியாது போல என்று நினைத்து மூடிவிடுவார். 'அடிபடா நிலை' என்று நான் போட்டேன். 'சேதமுறா நிலை' என்று போடச் சொன்னார்கள். கடைசியில் அடிபடா நிலைதான் நின்றது. பத்து வயதுப் பையனுக்கு அது உடனே புரிந்தது.

பெண் குழந்தைக்கு 'அபராஜிதா' என்று வைக்கலாமா? நல்ல பெயரா?

நல்ல பெயர். பல்லவ மன்னரின் முடிவு மனதில் உறுத்தினால் இதையும் தெரிந்துகொள்ளுங்கள்: வடமொழியில் அபராஜிதா என்பது சங்குப்பூக் கொடிக்கும் பெயர், நாம் காக்கணம் என்போமே, அந்த நீலப் பூ. யாராவது கேட்டால் பூவின் பெயர் என்று சொல்லிக்கொள்ளலாம்.